பழைய வண்டியும் பெரிய என்ஜினும்: எந்தக் கியர்ப்பெட்டி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மோட்டார் வண்டிகளில் ஆசையுள்ள மாணவர்கள் கூடிப் பேசும்போது என்ஜினின் பெருமையே பெரிதும் பேசப்படுகிறது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை லிட்டர், எத்தனை சிலிண்டர் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் திறனைச் சக்கரம் வரை கொண்டு சேர்க்கும் கியர்ப்பெட்டி எது என்று கேட்பவர் அரிது. நம் பகுதியில் அணுகுண்டு வெடி செய்கிறவர்களைக் கேட்டால், மருந்து எவ்வளவு என்பதோடு சணலை எப்படி இறுக்கிச் சுற்றியிருக்கிறது என்பதையும் சொல்வார்கள். பழைய வண்டியில் பெரிய என்ஜினை ஏற்ற விரும்புகிறவர்கள் மருந்தை மட்டும் பார்த்துவிட்டுச் சணலை மறந்துவிடுகிறார்கள். பிறகு வண்டி நடுவழியில் நிற்கிறது.

கியர்ப்பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, நாம் வகுப்பில் படித்த எளிய கணக்குகளைக் கொண்டு இங்கே காண்போம். கணக்கு என்றதும் கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே வரும்.

இந்த வேலைக்குப் புகழ்பெற்ற நாடு அமெரிக்கா. அங்கே இப்படி மாற்றிய வண்டிக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். 1932இல் ஃபோர்டு கம்பெனி, 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட எட்டு சிலிண்டர் 'வி-8' என்ஜினை நடுத்தர மக்கள் வாங்கும் காரில் வைத்து விற்றது. கலிபோர்னியா இளைஞர்கள் அத்தகைய கார்களைப் பழைய விலைக்கு வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, என்ஜினை முறுக்கேற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். லிங்கன் செஃபிர் காரின் பற்சக்கரங்களை எடுத்து ஃபோர்டு பெட்டிக்குள் பொருத்துவது அக்காலத்தில் பெயர்பெற்ற உத்தி. ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் உள்ள இடைவெளி அதில் நெருக்கமாக இருந்ததால் கியர் மாற்றும்போது என்ஜினின் சுற்று அதிகம் விழாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னும் பெரிய என்ஜின்கள் வந்தபோது அந்தப் பழைய பெட்டி தாங்கவில்லை. மாற்றுவதும் எளிதாக இல்லை. 1948 வரை வந்த ஃபோர்டு கார்களில் பின் அச்சுக்குப் போகும் தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். அந்தக் குழாயே அச்சை முன்னும் பின்னும் அசையாமல் பிடித்திருக்கும். வேறு பெட்டி வைத்தால் குழாயை நீக்க வேண்டும். நீக்கினால் அச்சைப் பிடிக்க வேறு கம்பிகள் வைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டிய வேலை இது என்பதை அவர்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரில் வி-8க்கு எங்கே போவது? நமக்கு வாய்த்த ஹாட் ராட், ஜீப்தான்.

ஜீப்பின் வரலாற்றிலேயே நம் கேள்விக்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜினும் 'டி-84' என்ற மூன்று கியர்ப் பெட்டியும் இருந்தன. போர் முடிந்து 1945இல் அதே வண்டியை உழவர்களுக்கு விற்கத் தொடங்கியபோது என்ஜினை அவர்கள் பெரிதாக்கவில்லை. அதே 60 குதிரைத்திறன்தான். ஆனால் பெட்டியை மாற்றி, வலுவான 'டி-90'ஐ வைத்தார்கள். பின் அச்சின் கிரவுன்-பினியன் விகிதத்தையும் 4.88இலிருந்து 5.38 ஆக்கினார்கள். ஏர் இழுக்கவும் சுமை இழுக்கவும் போகிற வண்டி என்பதே காரணம். என்ஜின் அப்படியே இருக்க, செய்யும் வேலை மாறியதற்காகப் பெட்டியை மாற்றினார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

பின்னர் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரித்த 'சி.ஜே. 3பி' ஜீப்பிலும் இதே டி-90 பெட்டிதான் இருந்தது. அந்த ஜீப்பின் பானெட் உயரமாக இருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். உள்ளே வைத்த புதிய என்ஜின் உயரம் கூடியது என்பதால் மூடியை உயர்த்திவிட்டார்கள். அழகுக்காகச் செய்ததன்று! பெட்ரோல் விலை ஏற ஏற, இந்த ஜீப்புகளில் டீசல் என்ஜின் ஏற்றும் வேலை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பெருகியது. டிராக்டர் வம்சத்து என்ஜின்கள், பெர்கின்ஸ் என்ஜின்கள், மெட்டடார் வேனின் 2.4 லிட்டர் மெர்சிடிஸ் வகை என்ஜின் என்று கையில் கிடைத்ததெல்லாம் ஜீப்புக்குள் போயிருக்கின்றன.

வேகக் கணக்கு

ஜீப்பின் 6.00-16 டயர் ஒரு சுற்று உருண்டால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். டாப் கியரில் கியர்ப்பெட்டியின் விகிதம் 1. எனவே கிரவுன்-பினியன் மட்டுமே கணக்கில் வரும்: என்ஜின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

பழைய பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை போகும். 4,000ஐ 5.38ஆல் வகுத்து, 2.2ஆல் பெருக்கி, மணிக்கணக்குக்கு மாற்றினால் 98 கிலோமீட்டர் வருகிறது. காகிதத்தில் அவ்வளவு, பாதையில் காற்று அவ்வளவுக்கு விடாது. இப்போது 2,400 சுற்றுக்கு மேல் போகக் கூடாத, டிராக்டர் வகை டீசல் என்ஜினை அதே இடத்தில் வையுங்கள். அதே கணக்குப்படி மணிக்கு 59 கிலோமீட்டரோடு வண்டி நின்றுவிடும். என்ஜின் பெரிதாயிற்று, வேகமோ குறைந்தது! மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் 59 கிலோமீட்டரில் போகிறவரை மற்ற வண்டிகள் என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கிரவுன்-பினியனை 4.88 ஆக மாற்றினால் வேகம் 65 ஆகும். செலவுக்கேற்ற பலன் இல்லை என்பது என் கருத்து. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இன்னொரு வழி, டாப் கியருக்கும் மேலே ஒரு கியர் உள்ள ஐந்து கியர்ப் பெட்டி. இதை 'ஓவர்டிரைவ்' என்பார்கள். அதன் விகிதம் 0.8 என்றால், அச்சைத் தொடாமலே வேகம் 73க்கு மேல் போகும். அல்லது 59இலேயே போகும்போது என்ஜின் 1,920 சுற்றில் அமைதியாக ஓடும்.

மலைக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிற வண்டிக்கு ஐந்தாம் கியரால் அதிகப் பயனில்லை. அங்கே வேண்டியது தாழ்ந்த முதல் கியர். அதுவும் ஏறுவதற்கு வேண்டியதைவிட இறங்குவதற்கு வேண்டும். பெரிய என்ஜினும் அதன் பெட்டியும் ஏறியதால் வண்டியின் எடை கூடியிருக்கும். பிரேக்கோ பழைய டிரம் பிரேக்தான். இறக்கம் முழுவதும் காலால் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவதுதான் உயிரைக் காக்கும் முறை. எனவே 'எந்தப் பெட்டி நல்லது?' என்று கேட்பவரிடம், 'வண்டி எங்கே ஓடப் போகிறது?' என்று திருப்பிக் கேட்பதே சரி.

பல் ஏன் உடைகிறது?

விருதுநகரில் என் தாய்மாமன் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் நானும் அங்கே இருப்பேன். சென்ற ஆண்டு வத்திராயிருப்புப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தம் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். என்ஜின் முன்பே மாற்றப்பட்ட டீசல். பெட்டி பழைய டி-90. தேங்காய்ச் சுமையோடு ஓடையிலிருந்து மேலேறும்போது 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்தபோது கவுண்டர் ஷாஃப்டின் முதல் கியர்ப் பற்களில் மூன்று, எண்ணெயோடு சேர்ந்து தட்டில் விழுந்தன. அவருக்கு அந்த ஜீப் ஓடினால்தான் காய் சந்தைக்குப் போகும். பறித்த காய் தோப்பிலேயே கிடந்தது.

"கத்துறது என்ஜின், அடி வாங்குறது பல்லு மாப்பிளே" என்றார் மாமா. அவர் கைப்பழக்கத்தில் அறிந்ததை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வந்த விடை எனக்கே வியப்பாக இருந்தது.

சி.ஜே. 3பியின் பழைய பெட்ரோல் என்ஜின் தருவது ஏறத்தாழ 155 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை. டி-90இன் முதல் கியர் விகிதம் 2.8, அச்சு 5.38, சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர். 155ஐ 2.8ஆலும் 5.38ஆலும் பெருக்கி 0.35ஆல் வகுத்தால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 680 கிலோகிராம் எடைக்குச் சமமாக வருகிறது. சுமையில்லாத ஜீப்பின் பின் சக்கரங்கள் சுமார் 550 கிலோ தாங்கும் என்று வைப்போம். உராய்வுக் கெழு 0.7 என்றால் தரை பிடித்துக்கொள்வது 385 கிலோ மட்டுமே. 385க்கு மேல் தள்ளினால் டயர் வழுக்கிச் சுழலும். ஆகவே சுமையில்லாத வண்டியில் எவ்வளவு பெரிய என்ஜினை வைத்தாலும் பல்லுக்குப் பெரிய ஆபத்து வருவதற்கு முன் டயர் வழுக்கிவிடுகிறது. வழுக்கும் டயர், மின்சாரத்தில் ஃபியூஸ் போல.

இனிச் சுமையை ஏற்றுவோம். வண்டியும் காயும் ஆளுமாக 1,750 கிலோ. முன் அச்சையும் இணைத்து நான்கு சக்கரமும் இழுக்கும்போது தரையின் பிடிப்பு 1,750இல் 0.7 பங்கு, அதாவது 1,225 கிலோ. புதிய டீசல் என்ஜின் பழையதைப் போல் ஒன்றரை மடங்கு முறுக்குவிசை தருகிறது என்று கொண்டால், முதல் கியரில் தள்ளும் விசை சுமார் 1,020 கிலோ. 1,020 என்பது 1,225ஐவிடக் குறைவு. டயர் வழுக்காது. ஃபியூஸ் போகவில்லை; எனவே ஒன்றரை மடங்கு பாரமும் பல்லின் மேல் முழுமையாக இறங்குகிறது. அதன்மேல் டிரைவர் கிளட்சைத் 'தடக்'கென்று விட்டால், சுழலும் ஃப்ளைவீலின் அடியும் சேரும். உடைந்ததில் வியப்பில்லை.

இப்போது வியப்பான பகுதிக்கு வருகிறேன். ஜீப்பில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் 'டிரான்ஸ்பர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டி உண்டு. அதில் 'லோ' போட்டால் மேலும் 2.46 மடங்கு கிடைக்கும். அந்தப் பெருக்கம் கியர்ப்பெட்டியைத் தாண்டிய பிறகே நிகழ்கிறது. ஆகவே அதே 1,225 கிலோ பிடிப்பு எல்லையை எட்ட, கியர்ப்பெட்டிக்குள் நுழைய வேண்டிய முறுக்குவிசை வெறும் 113 நியூட்டன்-மீட்டர்தான். பழைய பெட்ரோல் என்ஜின் தந்ததைவிடக் குறைவு! லோவில் ஏறியிருந்தால் டயர் முதலில் வழுக்கியிருக்கும், பல் பிழைத்திருக்கும். பெரிய என்ஜின் இருக்கிறதே, லோ எதற்கு என்று டிரைவர்கள் அந்த நெம்புகோலைத் தொடுவதே இல்லை. என்ஜின் பெரிதான வண்டியில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

அமெரிக்க ஹாட் ராட்களில் இந்த எடைக் கணக்கு வேறு விதமாகப் பயன்படுகிறது. வண்டி இலேசு, பின் டயர் வழுக்கும். எனவே நடுத்தர வலுவுள்ள பெட்டியே பெரிய என்ஜினைத் தாங்கிவிடுகிறது. பந்தயத்துக்கென்று அகலமான, ஒட்டும் டயர்களைப் போட்ட மறுநாள் பெட்டியோ பின் அச்சோ உடையும். முதல் கியர் விகிதத்தையும் அச்சு விகிதத்தையும் பெருக்கினால் 10க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது அங்கே தெருவில் ஓடும் வண்டிகளுக்குச் சொல்லப்படும் கைவிதி. புகழ்பெற்ற 'மன்சி' நான்கு கியர்ப் பெட்டி ஒன்றின் முதல் கியர் 2.20, அச்சு 4.11 என்றால் பெருக்கற்பலன் 9. நம் ஜீப்புக்கு 2.8ஐ 5.38ஆல் பெருக்கினால் 15. சுமை வண்டிக்கு அது கூடுதலாக இருப்பதே முறை.

அங்கே தானியங்கிப் பெட்டியை விரும்புவோரும் மிகுதி. ஜெனரல் மோட்டார்ஸ் 1964இல் கொண்டுவந்த 'டர்போ ஹைட்ராமேட்டிக் 400' இன்றளவும் பெரிய என்ஜின்காரர்களின் நம்பிக்கைக்குரிய பெட்டி. அதில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயே விசையைக் கடத்துவதால் திடீர் அடி பல்லுக்குப் போவதில்லை. ஆனால் அந்த எண்ணெய் சூடேறும். குளிர்விக்கத் தனி ரேடியேட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் சிவகாசிச் சாலையில் ஊர்ந்து போகும் டீசல் ஜீப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும் வேலை

காகிதத்தில் சரியான பெட்டி வண்டிக்குள் நுழைய வேண்டுமே! என்ஜினோடு பிறந்த பெட்டியையே சேர்த்து வாங்குவது இதில் மிக எளிய வழி. நமக்கெல்லாம் பழக்கமான அம்பாசடர் கார் இதற்குச் சான்று. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பழைய உடலுக்குள் 1.8 லிட்டர் இசுசு என்ஜினை வைத்தபோது, ஸ்டியரிங் தண்டில் இருந்த பழைய நான்கு கியர் அமைப்பை அதோடு சேர்க்க முயலவில்லை. தரையில் நெம்புகோல் உள்ள ஐந்து கியர்ப் பெட்டியையே கொண்டுவந்தார்கள். கம்பெனியே அப்படிச் செய்தது என்றால் பட்டறைகள் யோசிக்க வேண்டும்.

வெவ்வேறு குலத்து என்ஜினையும் பெட்டியையும் சேர்ப்பதானால் நடுவில் ஒரு இணைப்புத் தட்டு கடைய வேண்டும். பெட்டியின் முன் தண்டு நுனி, என்ஜின் கிராங்க் ஷாஃப்டின் நடுவிலுள்ள சிறு பேரிங்கில் போய் உட்காரும். இரண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெல் ஹவுசிங்கில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்கு மேல், ஆடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒரு தாளின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். இதைக் கவனிக்காமல் போல்ட் துளைகள் மட்டும் பொருந்தினால் போதும் என்று மாட்டினால் கியர் நழுவும், பேரிங் ஊளையிடும். பழியோ பெட்டியின் மேல் விழும்.

ஜீப்பில் இன்னொரு சங்கடம் நீளம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். நீளமான ஐந்து கியர்ப் பெட்டியை வைத்தால் டிரான்ஸ்பர் கேஸ் பின்னுக்குத் தள்ளப்படும். பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையாகிச் செங்குத்தாகச் சாயும். சாய்வு கூடக் கூட அதன் ஜாயிண்டுகள் அதிரும், விரைவில் தேயும். ஐந்தாம் கியர் ஆசையில் வாங்கிய பெட்டி ஜாயிண்டைத் தின்று தீர்ப்பது இப்படித்தான். நீண்ட ஜீப்புகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். 'ஜி.எல்.-5' தரத்து எண்ணெய் பின் அச்சுக்கு ஏற்றது. பித்தளை வளையங்கள் உள்ள பழைய கியர்ப்பெட்டிக்கு அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஆகாது. 'ஜி.எல்.-4'ஏ போதும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதியலாம். ஆனால் அவை தம் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். ஆகவே தாத்தா காலத்து வண்டியை வெட்டி ஒட்டுமுன் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தோப்புக்காரரின் ஜீப், பதிவுப் புத்தகத்திலேயே டீசல் என்று நெடுங்காலமாக இருப்பது.

அவருக்கு ஐந்து கியர்ப் பெட்டி மேல்தான் கண். மாமாவும் நானும் அளந்து பார்த்தோம். ஷாஃப்ட் மிகவும் குட்டையாகிவிடும். அவர் வண்டி தோப்புக்கும் சந்தைக்கும் நடுவே ஓடுவது. 60க்கு மேல் வேகம் எங்கே தேவைப்படப் போகிறது? முதல் கியர் 4க்குப் பக்கத்தில் உள்ள, தடித்த தண்டுகள் கொண்ட நான்கு கியர்ப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, தட்டு கடைந்து, முள் ஆட்டம் பார்த்து மாட்டினோம். முதல் கியர் இப்படித் தாழ்ந்திருந்தால் அதற்குப் பின்னாலுள்ள ஜாயிண்டுக்கும் அச்சுக்கும் பாரம் கூடும் என்பதால், அவற்றையும் பிரித்துப் பார்த்து, தேய்ந்திருந்த ஒரு குறுக்கு ஜாயிண்டை மாற்றினோம். வண்டியை எடுக்க வந்த டிரைவரை மாமா பக்கத்தில் உட்காரவைத்து, துருப்பிடித்து இறுகிக் கிடந்த லோ நெம்புகோலை நான்கைந்து முறை போட்டு எடுக்கச் சொன்னார்.